கஹோர் வைனும் புனிதமலரின் இரத்தமும்

நண்டுக் கம்பனியில் புனிதமலருக்கு இரண்டாவது மேசை. காலை ஆறு மணிக்குத் தலைமயிரை வலைத்தொப்பிக்குள் திணித்து, வாசலில் நகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனால், அவித்த நண்டு குவியல் குவியலாகக் காத்திருக்கும். ஓட்டைப் பிரித்து, கால் சதை வேறாகவும் உடல் சதை வேறாகவும் எடுத்துத் தட்டில் போடவேண்டும். கிலோவுக்குக் கூலி. சதை அமெரிக்காவுக்குப் போகும். ஓடு பின்வளவுக் குழிக்குப் போகும். நண்டு பிடித்த முல்லைத்தீவுக்கு மணம் மட்டும் மிஞ்சும். அது சவர்க்காரத்துக்கும் அசையாத மணம்.

வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளர் முத்துலிங்கத்திடம் கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அனுமதி. மூன்றாவது தடவை எழும்பினால், "என்ன தங்கச்சி, ராத்திரி என்ன சாப்பாடு?" என்று இருபத்தாறு பெண்களுக்கும் கேட்கும்படி விசாரிப்பார். அவருடைய தயவு தேவைப்பட்டவர்கள் சிரிப்பார்கள்.

புனிதமலருக்கு மாதத்தில் பன்னிரண்டு நாட்கள், ஒரு நாளைக்கு ஐந்து தடவை தேவைப்பட்டது. அந்தப் பன்னிரண்டு நாட்களும் அவள் இரண்டு பாவாடைக்குள் பழைய சீலைத் துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, தொடையை இறுக்கியபடி நண்டு உரித்தாள். இரண்டு வருடம் அப்படிப் போனது. வீட்டில் கணவன் மரியநேசனுக்குத் தெரியாது. பதினாறு வயது மகள் டிலுசாவுக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதும் கண்டுபிடித்தவள் பக்கத்துக் கதிரையில் இருந்த கௌசலா.

"உன்ரை உதட்டைப் பாத்தியோ? சுண்ணாம்பு அடிச்ச மதில் மாதிரிக் கிடக்கு."

"வயசு போகுதடி."

"நாப்பத்திரண்டு வயசா? என்ரை மாமிக்கு எழுபது. அவாவின்ரை உதடு இன்னும் சிவப்பு. ஆக்களை ஏசி ஏசியே சிவந்தது. நீ நாளைக்கு லீவு போடு. கிளினிக்குக்குப் போ."

"ஒரு நாள் கூலி."

"செத்தால் எத்தனை நாள் கூலி?"

புனிதமலர் போனாள். கிராமத்துக் கிளினிக்கில் "வயதுக் கோளாறு" என்றார்கள். மூன்றாம் தடவை போனபோது ஸ்கானுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கான் இயந்திரம் பழுது. திருத்த ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஆள் வந்தபோது ஒரு பாகம் இல்லை. துண்டு எழுதிய நாளிலிருந்து படம் பிடித்த நாள்வரை பதினொரு மாதம். அவள் உடம்பு அந்தப் பதினொரு மாதமும் காத்திருக்கவில்லை. அது தன் பாட்டில் வடிந்துகொண்டிருந்தது.

இரண்டு பஸ் மாறிப் போகும் பெரிய ஆசுபத்திரியில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் நிபுணர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"கருப்பையிலை மூண்டு கட்டி. கருப்பையை எடுக்கவேணும். ஆனா ரத்தத்திலை ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒண்டிலை கிடக்கு. பத்துக்கு வந்தால்தான் மயக்க மருந்து குடுக்கலாம். பத்தாக்கிக்கொண்டு வாங்கோ, செய்து விடுறன்."

பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதியைக் கொண்டுவரச் சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார். கிடுகிடுவென இரத்தத்தை ஏற்றும் இரும்பு ஊசி அப்போது அந்த ஆசுபத்திரியில் இல்லை. நாடு வாங்கவில்லை. இருந்தது மாத்திரை. மருந்து கொடுக்கும் இடத்தில் நின்ற தாதி விளக்கிச் சொன்னாள்.

"காலைமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. தேத்தண்ணியோட போடக்கூடாது, விளங்கிச்சோ? தேத்தண்ணி குடிச்சால் மருந்து பிடிக்காது. பாலும் கூடாது. விற்றமின் சி இஞ்ச இல்லை, வெளியிலை வாங்குங்கோ."

"காலைமை போட்டால் நண்டு மணத்துக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் மிஸ்."

"அப்ப ரெண்டையும் பின்னேரம் போடுங்கோ. தேத்தண்ணியோட மட்டும் வேண்டாம்."

புனிதமலர் சொன்ன சொல் கேட்பவள். 2009இல் போகச்சொன்ன இடத்துக்கெல்லாம் போனவள். பாதுகாப்பான இடம் என்று அறிவித்த இடத்தில்தான் ஷெல் விழுந்து அவளுடைய தாயும் தகப்பனும் போனார்கள். அதற்குப் பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் மாறவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் பின்னேரத் தேத்தண்ணியை நிறுத்தினாள். பால்மாவை நிறுத்தினாள். வெளியில் வாங்கச்சொன்ன விற்றமினை மட்டும் வாங்கவில்லை. அதன் விலையில் டிலுசாவுக்கு இரண்டு கொப்பி வாங்கலாம்.

அவளுக்கு ஒரே தம்பி, டினோஜன். அவளுக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். பதுங்குகுழிக்குள் அவனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தவள் அவள். இப்போது அவன் பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கட்டில் வைன் தட்டுகளை அடுக்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் வருவான்.

"அக்கா, டொக்டர் என்ன சொன்னவர்?"

"ரத்தம் காணாதாம். பத்து வேணுமாம்."

"பொறு. நான் ஒண்டு அனுப்புறன். எனக்குக் கீழ்மாடியிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருக்கு. தொண்ணூறு வயசு. நாளுக்கு ஒரு கிளாஸ் சிவப்பு வைன். 'இது ரத்தம் ஊறப்பண்ணும்' எண்டு சொல்லிச் சொல்லிக் குடிக்குது."

மூடநம்பிக்கைக்கு விசா தேவையில்லை. துலூஸ் கிழவி சொன்னதையேதான் முல்லைத்தீவுக் கரையும் சொல்லிவந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முட்டையில் பிராந்தி அடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பிராந்திக்கே அந்தச் சக்தி என்றால், நிறத்திலேயே இரத்தமாக இருக்கும் வைனைப்பற்றிக் கேட்கவேண்டுமா? போதாததற்குப் புனிதமலர் வேதக்காரி. ஞாயிறு பூசையில் பாதர் உயர்த்திப் பிடிக்கும் கிண்ணத்தில் வைன் இரத்தமாகிறது என்று ஏழு வயதிலிருந்து முழந்தாளில் நின்று கேட்டவள். சந்தேகப்பட அவளுக்கு ஒரு வழியையும் யாரும் விட்டுவைக்கவில்லை.

2023 ஆடி மாதம் வெளிநாட்டில் இருக்கும் ஊரார் விடுமுறைக்கு வந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த மூன்று குடும்பங்களின் பெட்டிகளில், பெட்டிக்கு நாலாக, குழந்தைப் பம்பேர்ஸுக்குள் சுற்றிய பன்னிரண்டு போத்தல்கள் வந்தன. மரியநேசன் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வெளிச்சம் உள்ளே புகவில்லை. அன்று ஞாயிறு. டினோஜன் வீடியோவில் நின்றான்.

"என்ன விலையடாப்பா?"

"ஆறு யூரோ அத்தான்."

"ஆறோ? அப்ப கூடாத சாமானே?"

"இல்லை அத்தான். இடத்துக்குப் பேர் இல்லை, அதுதான் மலிவு. கஹோர் எண்டு ஒரு ஊர். ஒரு ஆறு வளைஞ்சு வளைஞ்சு போகும், அதின்ரை கரையிலை தோட்டங்கள். இதே தரத்திலை போர்தோ வாங்கினால் மூண்டு மடங்கு குடுக்கவேணும். போர்தோ ஆத்துக்குக் கீழ, துறைமுகத்தடியிலை. அந்தக் காலத்திலை மேல் ஊர் வைனைத் துறைமுகத்துக்குள்ளை விடமாட்டாங்களாம். தங்கடை சரக்கெல்லாம் கப்பலேறி முடிஞ்சாப் பிறகுதான் மேல் ஊராற்றை பீப்பா வரலாம். ஒரு வருசம் ரெண்டு வருசமில்லை, நூற்றுக்கணக்கான வருசம்."

மரியநேசனுக்குப் போர்க்காலச் சோதனைச்சாவடி ஞாபகம் வந்தது. "ஓமந்தை மாதிரி."

"ஓமந்தை மாதிரித்தான்."

"பாஸ் எடுத்தாலும் விடமாட்டாங்களோ?"

"பாஸ் எடுத்தாலும் விடமாட்டாங்கள்."

"அப்ப எங்கடை சாமான்தான். அனுப்பு, அனுப்பு."

டினோஜனுக்குத் தொழில் பெருமை. அவன் தொடர்ந்து சொன்னான்: கறுப்பு வைன் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. நல்ல கனம். வாயில் வைத்தால் கறுத்த பிளம்பழத்தின் ருசி வரும், பிறகு நாக்கை இழுத்துப் பிடிக்கும். கொழுத்த இறைச்சியோடு குடிக்கவேண்டியது. திறந்தால் மூன்று நாளில் முடித்துவிடவேண்டும்.

மூன்று நாள் என்ற பேச்சை மட்டும் இவர்கள் காதில் போடவில்லை. மருந்தை மூன்று நாளில் யார் முடிப்பார்கள்? திறக்கும் கருவி ஊரில் இல்லாததால் மரியநேசன் படகு எஞ்சினுக்கு வைத்திருந்த திருகாணியைத் தக்கையில் முறுக்கி, குறட்டால் பிடித்து இழுத்தான். போத்தலைக் குசினி மூலையில் ஈரமணலில் புதைத்து, மேலே நனைந்த சாக்கைப் போட்டான். ஒரு போத்தல் பன்னிரண்டு நாள். ஐந்தாம் நாளிலிருந்து புளிக்கத் தொடங்கும். புளிப்பு ஏற ஏறச் சக்தியும் ஏறுகிறது என்று அவன் முடிவு செய்தான்.

மாத்திரையை வைனோடு சேர்த்துப் போடும் யோசனையும் அவனுடையதுதான். தேத்தண்ணி கூடாது, பால் கூடாது. வெறும் தண்ணியில் போட்டால் மருந்து வெறும் மருந்து. இரத்தம் ஊறவைக்கும் வைனில் போட்டால் இரண்டும் கைகோர்த்து நேரே நரம்புக்குப் போகும். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. அடித்தளத்தில்தான் பிழை.

இப்படியாகப் புனிதமலருடைய பின்னேரங்கள் மாறின. கம்பனியால் வந்து குளித்ததும் மரியநேசன் முற்றத்துப் பூவரசுக்குக் கீழே கதிரையைக் கொண்டுவந்து போடுவான். வலத் தோளில் ஷெல் துண்டு கிடப்பதால் இடக்கையால்தான் தூக்குவான். சின்னக் கிளாஸில் அரைவாசிக்கு ஊற்றி, இரண்டு மாத்திரையையும் சிரட்டையில் வைத்துக் கொடுப்பான். அவள் சிலுவை போட்டுவிட்டு மாத்திரையை விழுங்கி, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவாள். முதல் நாள் முகம் கோணியது. இரண்டாம் கிழமை அந்த இழுவை அவளுக்குப் பிடித்துப்போனது. கடல் காற்று வரும். டிலுசாவுக்கு அரைமணி நேரம் அம்மாவைக் கூப்பிடத் தடை. கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில் அவளுக்கென்று ஒருவர் கதிரை எடுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை.

"என்னப்பா, தேவாலயத்துப் பாதர் மாதிரி இருக்கிறாய்," என்பான் மரியநேசன்.

"பாதர் எனக்குத் தாறதில்லை. அவர் தானே குடிச்சுப்போட்டு எனக்கு அப்பம்தான் தாறவர்."

பொம்பிளை வைன் குடிக்கிறாள் என்று ஊர் அறியக்கூடாது என்பதால் படலையை மட்டும் சாத்தி வைத்தார்கள்.

ஐப்பசியில் பெரிய ஆசுபத்திரிக் கிளினிக். ஆறு புள்ளி ஒன்பது.

"மாத்திரை போடேல்லை," என்றாள் தாதி.

"போட்டனான் மிஸ்."

"போட்டால் ஏறும். ஏறேல்லை எண்டால் போடேல்லை. உங்களை மாதிரி எத்தனை பேரைப் பாத்திட்டம். வயித்தைப் பிரட்டுது எண்டு கோழிக்குப் போடுறது, பிறகு இஞ்ச வந்து அழுறது."

வரிசையில் நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தாதி கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். வீட்டில் டிலுசா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை.

"நீங்கள் ஒரு நாளும் விடேல்லையே அம்மா."

"ஓம்."

"அப்ப ஏன் சும்மா நிண்டனீங்கள்?"

அன்றிலிருந்து புனிதமலர் வெறும் மாத்திரை அட்டைகளை எறியாமல் ஒரு சொப்பிங் பையில் சேர்த்தாள். மார்கழிக் கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

"இதென்ன குப்பை?"

"நான் போட்ட மாத்திரையின்ரை அட்டை மிஸ். எண்ணிப் பாருங்கோ."

"வெறும் அட்டை ஆரும் காட்டலாம் அம்மா. ரத்தம் பொய் சொல்லாது."

ஆறு புள்ளி நான்கு.

இரத்தம் பொய் சொல்லவில்லைத்தான். அது சொன்ன உண்மையைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு மனுசி தினம் மாத்திரை போடுகிறாள், எண் இறங்குகிறது என்றால் ஒரு கேள்விதான் மிச்சம்: எப்படிப் போடுகிறாள்? அந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதும். படிக்காத சனம், பொய் சொல்லும் சனம் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்களுக்கு அந்த அரை நிமிடம் வீண்செலவாகத் தெரிந்தது.

வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்தவள் வேறென்ன செய்வாள்? நத்தாருக்கு டினோஜன் இன்னும் பத்துப் போத்தல் அனுப்பியிருந்தான். அரைக் கிளாஸை முழுக் கிளாஸாக்கினாள்.

மாசியில் ஒரு காலை, எட்டரை மணியிருக்கும், கையில் பிடித்த நண்டு இரண்டாகத் தெரிந்தது. பிறகு மேசை மேலெழுந்து அவள் முகத்துக்கு வந்தது.

"அவளை நிமித்துங்கோ," என்று கத்தியபடி கௌசலா பிடித்தாள். முத்துலிங்கம் வந்து முதலில் தட்டைப் பார்த்தார்.

"இந்தத் தட்டு பழுது. சதையிலை ஆளின்ரை முகம் பட்டிட்டுது. எறியவேணும்."

"எறியுங்கோ அண்ணை. ஆளையும் எறியிறதோ, இல்லாட்டி வான் பிடிக்கிறதோ?"

"நான் என்ன சொன்னனான் எண்டு நீ இப்பிடிக் கதைக்கிறாய்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதைத்தான் நானும் சொல்லுறன்."

வான் பிடித்ததும் கௌசலாதான். அவளுக்கும் அன்று கூலி இல்லை.

கொண்டுபோன ஆசுபத்திரியில் எண் ஐந்து புள்ளி இரண்டு. நோயாளர் விடுதி டொக்டர் சுமித்திரா, வவுனியாப் பிள்ளை, வந்து நாலு மாதம். கிளினிக் கொப்பியைத் திறந்து அந்த ஆங்கில வரியை வாசித்துவிட்டு, கொப்பியை மூடி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"அம்மா, மாத்திரை போடுறனீங்களோ?"

"ஓம் டொக்டர். ஆரும் நம்பேல்லை."

"நான் நம்புறன். எதோட போடுறனீங்கள்?"

"தேத்தண்ணியோட இல்லை டொக்டர். சத்தியமா இல்லை. பாலோடயும் இல்லை."

"எதோட இல்லை எண்டு கேக்கேல்லை. எதோட?"

புனிதமலர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே ஆட்கள் இருந்தார்கள். தகவல் கேட்டு வந்திருந்த மரியநேசன் தலை குனிந்தான். டொக்டர் எழும்பி, மறைப்புத் துணியை இழுத்துவிட்டு, திரும்பவும் வந்து இருந்தாள்.

"வைனோட," என்றாள் புனிதமலர். "தம்பி பிரான்சிலை இருந்து அனுப்பினவன். குடிக்கிறதுக்கில்லை. ரத்தத்துக்கு."

டொக்டர் சிரிக்கவில்லை. "சிவப்பு வைனோ? இனிப்போ, நாக்கை இழுக்குமோ?"

"நல்லா இழுக்கும் டொக்டர்," என்றான் மரியநேசன். "கறுப்பு வைன். கனமான சாமான்."

"பாலில்லாமல் சாயம் கூடின பிளேன்ரீ குடிச்சால் நாக்கு இழுக்குமல்லோ. அதுவும் இதுவும் ஒரே சாமான். அதுதான் மாத்திரையிலை இருக்கிற இரும்பைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு உடம்பிலை சேரவிடாது. அதாலைதான் தேத்தண்ணி வேண்டாம் எண்டு சொன்னவை. வைன் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது கூட."

மரியநேசன் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நானே குடிச்சு நானே கெடுத்தனான்," என்றாள் புனிதமலர்.

"வைன் ஏறவிடேல்லை. இறக்கினது கட்டி. ஸ்கானுக்குப் பதினொரு மாசம் ஆனது வைனாலை இல்லை. எதோட போடுறியள் எண்டு ஆரும் கேக்காததும் வைனாலை இல்லை." டொக்டர் கொப்பியைத் திறந்து அந்த வரிக்கு மேலே கோடு கீறி, கீழே வேறொன்று எழுதிக் கையெழுத்திட்டாள். "இனி தேசிக்காய்த் தண்ணியோட போடுங்கோ. வேறொண்டும் வேண்டாம்."

இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். ஒன்று கௌசலாவின் தம்பி கொடுத்தது. ஏழு புள்ளி ஆறோடு வீட்டுக்கு வந்தாள்.

டினோஜனுக்குச் சொல்லவேண்டாம் என்று புனிதமலர் மன்றாடினாள். "அவன் தாங்கமாட்டான். எனக்கு எண்டு செய்தவன் அவன் ஒருத்தன்." மரியநேசன் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் டினோஜன் இன்னொரு வீட்டுக்கும் அனுப்புவான், அந்த வீட்டிலும் ஒரு பொம்பிளை கண்ணை மூடி விழுங்குவாள். ஞாயிற்றுக்கிழமை போனை வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்ச் சொன்னான்.

"அத்தான், அது நல்ல வைன்."

"நல்ல வைன்தான்ரா. மிச்சத்தை நான் குடிச்சனான். மாட்டிறைச்சிக் கறியோட திறமாய் இருந்தது. அதை மருந்தாக்கினதுதான் பிழை. நீயும் ஆக்கினாய், நானும் ஆக்கினனான்."

அதன்பிறகு புனிதமலர் பத்துக்கு ஏறத் தொடங்கினாள். வேறு சொல்லில் அதைச் சொல்ல முடியாது. மாத்திரைக்குத் தேசிக்காய்த் தண்ணி. சோற்றுக்கு முருங்கையிலை. கிழமைக்கு இருமுறை ஈரல். இரத்தப்போக்கைக் குறைக்கும் குளிசையை வெளியில் வாங்க, மரியநேசன் வலையில் ஒரு பங்கை விற்றான். கம்பனியில் ஐந்து தடவை எழும்பினாள். முத்துலிங்கம் வாயைத் திறந்தபோது, "ரத்தம் போகுதண்ணை. பாக்கப்போறியளோ?" என்று கேட்டாள். இருபத்தாறு பேருக்கும் கேட்டது. அவர் பிறகு கேட்கவில்லை. பங்குனியில் எட்டு புள்ளி இரண்டு. வைகாசியில் ஒன்பது புள்ளி மூன்று. ஆடி முதல் கிழமை பத்து புள்ளி இரண்டு.

"பத்து புள்ளி ரெண்டோ?" என்றாள் கௌசலா, கொப்பியைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு. "உனக்குப் பள்ளிக்கூடத்திலைகூட ரெண்டு இலக்கம் வந்திருக்காது."

அடுத்த செவ்வாய் நிபுணர் வரும் நாள். புனிதமலர் விடிய நாலரைக்கு முதல் பஸ் எடுத்து, பரந்தனில் மாறி, எட்டு மணிக்குப் பெரிய ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மரியநேசனை வரவேண்டாம் என்றாள். இரண்டு பேருடைய கூலியும் போகக்கூடாது. நல்ல சீலையைக் கட்டியிருந்தாள்.

நிபுணருடைய அறைக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் பதிவு எழுதும் இலிகிதர் கொப்பியைப் புரட்டினார்.

"அவர் இல்லை அம்மா. போன மாசம் வெளிநாடு போயிட்டார்."

"எப்ப வருவார்?"

"வரமாட்டார். குடும்பத்தோட போயிட்டார்."

"அப்ப புது ஆள்?"

"கேட்டு எழுதியிருக்கு. வரேல்லை."

"ஐயா, பத்து கேட்டவை. பத்து கொண்டந்திருக்கிறன்."

"நானோ கேட்டனான்?"

"கேட்டவர் எங்கை?"

"லண்டனோ ஒஸ்ரேலியாவோ. எனக்கென்னெண்டு தெரியும்."

புனிதமலர் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிவரை போனாள். திரும்பி வந்தாள். இலிகிதருடைய அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில், ஆட்கள் போய்வரும் வாசற்படியிலேயே இருந்தாள். எழும்பச் சொன்னார்கள். எழும்பவில்லை. காவற்காரர் வந்து, "அம்மா, ஆசுபத்திரி டிரக்டர் வாற நேரம்," என்றார். "வரட்டும். அவரோடதான் கதைக்கவேணும்," என்றாள். தாதிகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஐப்பசியில் அவளைக் கோழிக்கு மாத்திரை போட்டவளாக்கிய தாதியும் ஒருமுறை தாண்டினாள். அவளுக்கு இந்த முகம் ஞாபகமில்லை. நாற்பத்துநாலு வயதில், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, புனிதமலர் எழும்பச் சொன்ன இடத்திலிருந்து எழும்பாமல் இருந்தாள்.

ஒன்றரை மணிக்கு டிரக்டர் வந்தார். கெட்ட மனிதரில்லை. களைத்த மனிதர். ஏழு நிபுணர் இருக்கவேண்டிய இடத்தில் தன்னிடம் இரண்டு பேர் என்று அவளிடமே முறையிட்டார். பிறகு நின்றபடியே இன்னொரு ஆசுபத்திரிக்குக் கடிதம் எழுதி, போனில் பேசி, நாள் எடுத்துக்கொடுத்தார். ஐப்பசி எட்டாம் திகதி.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "பதின்மூண்டு கிழமை ஐயா."

"அதுக்கு முதல் ஏலாது அம்மா. அங்கையும் சனம். அதுவரைக்கும் பத்தைக் குறையவிடாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

"நான் பாக்கிறன் ஐயா. ரத்தம் கேக்க வேணுமே."

அவருக்கு விளங்கியது. நிலத்தைப் பார்த்தார். அடுத்த ஆள் வந்தது.

படியில் இருந்து எழும்பியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாதப்போக்கு நாலு நாள் முந்தி வந்துவிட்டது. கையில் ஒரு துணிதான் இருந்தது. ஆசுபத்திரிக் கழிப்பறையில் தண்ணி வரவில்லை. பரந்தனில் இறங்கி, சந்திக் கடையொன்றில் துணிக்குப் பதிலாக வைக்கும் பாட் ஒரு பக்கட் வாங்கினாள். மாற்ற இடமில்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் மதிலோரம் ஆண்கள் வரிசையாக நின்று ஒன்றுக்கு இருந்தார்கள். அவர்களுக்கு அந்த மதில் போதும்.

முல்லைத்தீவு பஸ் நாலு மணிக்கு வந்தது. பாதிக்கு மேல் வெறுமை. ஏறி, பின்கதவுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசுவமடு தாண்டியதும் கொண்டக்டர் பின்னால் வந்தான்.

"அக்கா, இவ்வளவு சீற் சும்மா கிடக்கு. இருங்கோவன்."

"பரவாயில்லைத் தம்பி."

"முல்லைத்தீவு மட்டும் நிக்கப்போறியளோ?"

"ஓம். நிக்கிறன்."

ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். மற்றக் கையால் கிளினிக் கொப்பியைச் சீலையின் பின்பக்கத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் கொப்பி நழுவியது. அவள் திரும்பவும் இழுத்து வைத்துக் கறையை மறைத்தாள்.